சம்பந்தி விருந்துக்கு ஸ்மோக்டு சால்மன்: ஸ்டார்ட்டராக எப்படி வைப்பது?

பெருந்துறைக்காரி

எல்லாருக்கும் வணக்கமுங்க. சின்னவன் நார்வேயில், பெர்கனில் வேலையில் இருக்கிறான். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். நிச்சயம் முடிந்து முதல் தடவையாக கோபியிலிருந்து சம்பந்தி வீட்டார் ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு வருகிறார்கள். எங்கள் ஆட்களையும் சேர்த்தால் 14 பேர். நான் பாட்டுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு, சந்தகை, தேங்காய்ப்பால், கடைசியில் ரசம் என்று எழுதி வைத்திருந்தேன். இவன் என்னடாவென்றால் "அம்மா, நான் ஸ்மோக்டு சால்மன் கொண்டாரேன், அதைத்தான் முதலில் வைக்கணும்" என்று ஒரே பிடி. 200 கிராம் பொட்டலம் இரண்டாம். காற்றை உறிஞ்சி அடைத்து, ஃப்ரீஸரில் வைத்தது.

போட்டோ அனுப்பியிருந்தான். ஆரஞ்சு நிறத்தில், கண்ணாடி மாதிரி பளபளவென்று, பார்த்தால் பச்சை மீனாட்டம் இருக்கிறது. வேகவைக்க வேண்டாம், அப்படியே சாப்பிடலாம் என்கிறான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. 400 கிராம் 14 பேருக்குப் போதுமா? லேசாக மிளகு போட்டுக் கல்லில் வாட்டினால் கெட்டுவிடுமா? எதோடு வைப்பது? சம்பந்தியம்மா சைவம், அவர்களுக்கு என்ன செய்வது? இந்த வெயிலில் மேசையில் எவ்வளவு நேரம் தாங்கும்? தெரிந்தவர்கள் சித்தெ விவரமாகச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

பீளமேடு கிச்சன்

அக்கா, கோவையில் ஓட்டல் சமையலில் குளிர்பண்டப் பிரிவில்தான் இருக்கிறேன், இது எங்கள் அன்றாட வேலை. முதலில் அந்தக் கல்லில் வாட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்மோக்டு சால்மனில் இரண்டு வகை உண்டு. ஒன்று சூட்டோடு புகை போட்டது, அது வெந்திருக்கும், வெளிர் ரோஸாக உதிரி உதிரியாக வரும். இன்னொன்று உப்பில் (சில பேர் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ப்பார்கள்) ஊறவைத்து, 30 டிகிரிக்குக் கீழேயே மணிக்கணக்கில் புகை காட்டியது. தம்பி அனுப்பிய போட்டோவை நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவது வகைதான். அதன் சுகமே அந்த வழுவழுப்பில் இருக்கிறது. சூடு பட்டால் வெளுத்து, உப்புக் கரிக்கும் சாதாரண மீன் துண்டாகிவிடும். அதற்கு இங்கேயே வஞ்சிரம் வாங்கி வறுத்துவிடலாம், பெர்கனிலிருந்து தூக்கி வர வேண்டியதில்லை.

அளவுக்கு வருவோம். தட்டில் தனி ஸ்டார்ட்டராக வைப்பதானால் ஆளுக்கு 50 முதல் 70 கிராம் வேண்டும், உங்களிடம் அவ்வளவு இல்லை. அதனால் ஒருவாய்த் துண்டுகளாகப் போங்கள். ஒரு வாய்க்கு 10 கிராம் என்றால் 40 வரும். சைவக்காரர்கள், குழந்தைகள் போக ஒன்பது பத்துப் பேர் சாப்பிடுவார்கள் என்று வையுங்கள், ஆளுக்கு நாலு. ஸ்டார்ட்டருக்கு அது தாராளம். சொல்லப்போனால் முதல்முறை சாப்பிடுகிறவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள், நம் ஊர் வாய்க்கு இது பழக வேண்டிய ருசி.

அடியில் வைக்க ரொட்டி தேடி அலைய வேண்டாம். ரஷ்யா பக்கம் மரக்கோதுமை மாவில் சின்னச் சின்ன தோசை போல ஊற்றி அதன்மேல்தான் இந்த மீனை வைப்பார்கள், பிளினி என்று பெயர். நமக்குக் கம்பு தோசை இருக்கிறதே. மாவு கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், உள்ளங்கையில் பாதி அளவுக்கு, குட்டிக் குட்டியாகச் சுட்டு எடுங்கள். ஒன்றே ஒன்று முக்கியம்: தோசை நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் வைத்தால் மீனின் கொழுப்பு உருகி, ஓரம் வெளுத்து, ஒரு கவிச்சு வாடை கிளம்பும். அது வந்துவிட்டால் உங்கள் வீட்டில் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.

பொட்டலத்தைத் திறந்தால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும், சிலதில் நடுவே தாள் இருக்கும். ஜில்லென்று இருக்கும்போதே பிரியுங்கள், கத்தியின் முதுகை ஓரத்தில் கொடுத்து மெல்லத் தூக்கினால் முழுசாக வரும். தோல் பக்கம் பழுப்பாக ஒரு பட்டை தெரியும். கெட்டுப் போனதில்லை, அந்த இடத்துச் சதையே அந்த நிறம்தான். வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதால் முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு அதைக் கத்தியால் வழித்து எடுத்துவிடுவேன். துண்டைத் தட்டையாகப் பரப்பாமல் நாடா மாதிரி மடித்து, லேசாக எழும்பி நிற்கிறாற்போல தோசைமேல் வையுங்கள். மேலே மிளகை அப்போதைக்கு அப்போது பொடித்துத் தூவுங்கள். எலுமிச்சை துண்டு பக்கத்தில் இருக்கட்டும், அவரவர் பிழிந்துகொள்ளலாம். முன்கூட்டியே பிழிந்து வைத்தால் புளிப்புப் பட்ட இடமெல்லாம் வெந்தது மாதிரி வெளுத்துவிடும். உப்பு மட்டும் எதிலும் போடாதீர்கள், மீனிலேயே 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் உப்பு இருக்கும். தோசை மாவிலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பல்லடத்தான்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். சம்பந்தி முதல் தடவை வீட்டுக்கு வருகிறார், அவருக்கு முன்னால் வேகாத மீனை வைத்தால் என்ன நினைப்பார்? பள்ளிபாளையம் சிக்கன் ஒரு தட்டு, வரமிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக வையுங்கள், பேச்சே இருக்காது. பையன் ஆசைப்பட்டால் அடுத்த நாள் வீட்டு ஆட்களோடு சாப்பிடட்டும். அப்புறம் அந்த ஞாயிறு கிருத்திகையா அமாவாசையா என்று காலண்டரைப் பாருங்கள். சென்னிமலை, சிவன்மலைப் பக்கத்தில் இருந்துகொண்டு கிருத்திகையன்று மீன் வைத்தீர்கள் என்றால், அது புகை போட்டதா போடாததா என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஊத்துக்குளி மருமகள்

பல்லடத்து அண்ணன் சொல்வதில் காலண்டர் விஷயம் நூற்றுக்கு நூறு. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஒரு பண்டம் கொண்டுவந்து தன் கையால் வைக்கிறார் என்றால் பெண் வீட்டுக்காரர்களுக்கு அது சந்தோஷம்தான். பிடிக்காதவர் ஒரு வாயோடு விட்டுவிடப் போகிறார். ஆனால் பள்ளிபாளையத்தையும் இதையும் ஒட்டுக்கா வைத்துவிடாதீர்கள், காரம் நாக்கில் ஏறிய பிறகு இந்த மீனைத் தின்றால் ரப்பர் மென்ற மாதிரி இருக்கும். இது முதலில், கால் மணி நேரம் கழித்து அது.

நாங்கள் சில வருஷம் ஸ்காட்லாந்தில் இருந்தோம். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் இது இல்லாத வீடே கிடையாது. ஆளாளுக்கு க்ரீம் சீஸ், புளிப்பு க்ரீம் என்று வைப்பார்கள், இங்கே அதற்குப் பதில் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வைக்கலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். ருசி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேசையில் ஒரு பெரியவர் இருந்தாலே போதும், "மீனோடு தயிரா, வெண்குஷ்டம் வந்துரும்" என்று ஆரம்பித்து எல்லார் கையும் தட்டிலிருந்து பின்னால் போய்விடும். வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமி அணுக்களையே தாக்குவதால் வருவது, மீனுக்கும் தயிருக்கும் அதில் வேலையில்லை. இதைச் சம்பந்தி விருந்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது.

அதற்கு நல்ல வழி வெண்ணெய். பிரிட்டனில் பழைய காலத்து முறையே பழுப்பு ரொட்டி, அதன்மேல் வெண்ணெய், மீன், எலுமிச்சை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் வெண்ணெய்க்கு என்ன பஞ்சம்? ஊத்துக்குளி வெண்ணெயில் உப்பு சேர்க்காததாக வாங்கி, மிருதுவானதும் அதில் எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டு (வெள்ளைப் பகுதி வராமல், மேல் பச்சை மட்டும்), ஆறின கம்பு தோசையில் நல்ல கனமாகத் தடவுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம், தோசை மீனின் ஈரத்தை இழுக்காமல் காப்பதே அந்த வெண்ணெய்தான்.

கேப்பர்ஸ் என்று ஒரு உப்பு மொட்டு போடுவார்கள். நம் வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊறின பச்சை மிளகு இருந்தால் அதைவிட நன்றாக இருக்கிறது. வால்பாறை பக்கம் போய்வருகிறவர்கள் கொண்டுவருவார்களே, அதுதான். நன்றாக அலசிவிட்டு ஒரு வாய்க்கு மூன்று மணி வையுங்கள், அதற்குமேல் காரம். சின்ன வெங்காயத்தைத் தாள் மாதிரி சீவி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிஷம் போட்டால் ரோஸாக மாறும், அதிலும் ஓர் இழை போதும். சதகுப்பைக் கீரை கிடைத்தால் விடாதீர்கள், இந்த மீனுக்கு அதன் வாசனை அப்படிப் பொருந்தும். கோவை ஆர்.எஸ். புரம் பக்கம் இங்கிலீஷ் காய்கறிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கொத்தமல்லி, கறிவேப்பிலை என்று இறங்க வேண்டாம், இரண்டும் மீனை அமுக்கிவிடும். சும்மா விடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு அதே தோசை, அதே வெண்ணெய், மேலே வெள்ளரிக்காயைச் சீவி நாடாவாக மடித்து, பச்சை மிளகு. பார்க்க ஒரே ஜோடியாக இருக்கும், அவருக்கு மட்டும் தனியாக ஏதோ வைத்தாற்போல இருக்காது. ஆனால் தட்டு வேறு, கத்தி வேறு, செய்கிற ஆளும் வேறாக இருந்தால் நல்லது. மீன் தொட்ட கை வெண்ணெய்க் கிண்ணத்தில் போனதை ஒரு சைவக்காரர் பார்த்துவிட்டால் அப்புறம் ரசம் கூடச் சாப்பிட மாட்டார்.

பெருந்துறைக்காரி

அடேயப்பா, இவ்வளவு விவரமா! வெண்ணெய் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காலண்டர் பார்த்துவிட்டேன், அன்றைக்கு ஒன்றுமில்லை, தப்பித்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். மூத்த மருமகள் ஆறு மாசம். எங்கள் அமுச்சிக்கு (பாட்டிக்கு) 80 தாண்டியாயிற்று, சர்க்கரையும் இருக்கிறது, மீன் என்றால் உயிர். இவர்கள் சாப்பிடலாமா? இன்னொன்று, வீட்டுக்காரர் சொல்கிறார், "உப்புப் போட்டுப் புகை போட்டது என்றால் கருவாடு மாதிரிதானே, வெளியிலேயே இருந்தாலும் ஒன்றும் ஆகாது, எதற்கு ஃப்ரிட்ஜில் இடத்தை அடைக்கிறாய்" என்று. பையன் வருகிற வழியே ஒரு நாள் ஆகும், இரண்டு விமானம் மாறி வருகிறான். அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஈரோடு லேப்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேனுங்க.

மருமகளுக்கு வேண்டாம். அமுச்சிக்கும் வேண்டாம். இதில் பாதி பாதி இல்லை. லிஸ்டீரியா என்று ஒரு கிருமி, பெரும்பாலான கிருமிகள் ஃப்ரிட்ஜ் குளிரில் அடங்கிக் கிடக்கும்போது இது அங்கேயும் மெல்ல வளரும். வேகாத புகைமீன் அதற்குத் தோதான இடம். நல்ல உடம்புக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் மாசமாக இருக்கிறவர்களுக்குக் குழந்தை வரைக்கும் போகும், கருக்கலைவு வரைக்கும் கொண்டுபோய்விடும். வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்து. பிரிட்டனில் அரசாங்கமே கர்ப்பிணிகள் இதைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆக, மேலே பீளமேட்டுத் தம்பி கல்லில் வாட்டாதீர்கள் என்றது ருசிக்காக, சரிதான். ஆனால் அமுச்சி கேட்டே தீர்வார் என்றால் அவருக்கு மட்டும் இரண்டு துண்டை முட்டையோடு போட்டு நடுவரை நன்றாக வேகும்படி கிளறிக் கொடுங்கள், மருமகளுக்கும் அதே. உப்பு உள்ள மீன் என்பதால் இரத்த அழுத்தம் இருந்தால் அதையும் அளவாக.

இனி அண்ணன் சொன்ன கருவாட்டுக் கணக்கு. கருவாடு கெடாமல் இருப்பது அதில் ஈரம் போய்விட்டதால். மாசிக்கருவாடும் அப்படித்தான், வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகக் காயும்வரை வெயிலில் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் சால்மனைக் கெடாமல் வைக்கத்தான் நிறைய உப்பும் நிறையப் புகையும் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லண்டன் போய்க் குடியேறிய யூதர்கள் இந்தத் தொழிலைக் கொண்டுபோனார்கள், அங்கே நல்ல ஸ்காட்லாந்து மீன் புதுசாகவே கிடைத்ததால் உப்பையும் புகையையும் குறைத்துக்கொண்டே வந்து இன்றைய மென்மையான வகை பிறந்தது. இப்போது விற்பதில் உப்பும் புகையும் வாசனைக்கும் ருசிக்கும் போதுமான அளவுதான், ஈரம் அப்படியே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பச்சை மீன் கணக்குத்தான்.

பயணம்: தம்பி கிளம்புகிற வரைக்கும் ஃப்ரீஸரில் கல்லாக இருக்கட்டும். குளிர்தாங்கிப் பையில் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே வைத்து, பெட்டியின் நடுவில் துணிகளுக்குள் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கல்லாக இருந்தால் ஃப்ரீஸருக்கு. கொஞ்சம் இளகி ஜில்லென்று இருந்தால் ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்கு, ஓரிரு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும், திரும்ப ஃப்ரீஸரில் போடக் கூடாது. வெதுவெதுப்பாக இருந்தாலோ பொட்டலம் உப்பியிருந்தாலோ யோசிக்காமல் குப்பைக்கு. "அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தது" என்ற பாசம் இங்கே ஆகாது. தம்பி ஞாயிற்றுக்கு ரொம்ப முன்னாலேயே வருகிறார் என்றால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைநிலையிலிருந்து இறக்கும்போது இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றும்போதே பொட்டலத்தின் ஒரு முனையைக் கத்தரித்துவிட்டு, ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். காற்றில்லாத இடத்தில் மட்டும் வளர்ந்து நஞ்சு கக்குகிற பாட்டுலினம் என்ற கிருமி உண்டு, மீனில் வருகிற வகை 4 டிகிரி பக்கத்திலேயே வளர ஆரம்பிக்கும். காற்றுப் பட்டால் அதன் ஆட்டம் பெரிதும் அடங்கும். சமையல் மேடையில் வைத்தோ தண்ணீரில் போட்டோ இளக்க வேண்டாம்.

மேசையில்: 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் வெளியே மொத்தம் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அரை மணி என்றே வைத்துக்கொள்வேன். பெரிய தாம்பாளத்தில் ஐஸ் கட்டியைப் பரப்பி அதன்மேல் எவர்சில்வர் தட்டு, இரண்டு தவணையாகக் கொண்டுவாருங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருங்கள், அவ்வளவுதான்.

குறிச்சி குளம்

இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. உக்கடம் மார்க்கெட்டில் "இந்தியன் சால்மன்" என்று விற்கிறார்களே, அதை வாங்கி உப்பில் ஊறவைத்து, கொட்டாங்குச்சிப் புகையில் வீட்டிலேயே இதைச் செய்யலாமா? நம் ஊரில் கிடைக்கிற மீனில் செய்தால் செலவும் குறையும்.

பீளமேடு கிச்சன்

தம்பி, அது காலா மீன். நல்ல மீன், குழம்புக்கும் வறுவலுக்கும் அருமை. ஆனால் சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை, அந்தக் கொழுப்பும் கிடையாது. சால்மனின் நிறம்கூடத் தின்கிற தீனியில் இருந்து வருவது, கடலில் சின்ன இறால் வகைகளைத் தின்று சிவக்கும், பண்ணையில் அதே அஸ்டாக்ஸாந்தின் நிறமியைத் தீவனத்தில் கலக்கிறார்கள்.

குளிர்ப்புகை வீட்டில் வேண்டவே வேண்டாம். மீன் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும்படி மணிக்கணக்கில் புகை காட்ட வேண்டும், நம் ஊரில் பங்குனி சித்திரையில் நிழலே அதைத் தாண்டும். அந்த வெதுவெதுப்பில் வேகாத மீன் அத்தனை நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று ஈரோட்டுக்காரரைக் கேளுங்கள். பச்சையாகச் சாப்பிடுகிற கடல் மீனைப் புழுவுக்காக -20 டிகிரியில் உறையவைக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருக்கிறது, அதற்கு வீட்டு ஃப்ரீஸரை நம்ப முடியாது.

சூட்டுப் புகை என்றால் தாராளமாகச் செய்யலாம், அது வேகிறதல்லவா. பழைய இரும்புச் சட்டியில் அலுமினியத் தாள் விரித்து, ஒரு கைப்பிடி அரிசி, இரண்டு ஸ்பூன் டீத்தூள், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போட்டு, மேலே கம்பித் தட்டு, அதன்மேல் உப்பில் அரை மணி ஊறித் துடைத்த மீன். புகை வந்ததும் இறுக்கமாக மூடி, சின்னத் தீயில் சதை உதிரும்வரை விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். இதற்குக் காலாவைவிடக் கொழுப்புள்ள மீன் எடுங்கள், கானாங்கெளுத்தி நன்றாக வரும், விலையும் கம்மி.

பெருந்துறைக்காரி

ரொம்ப நன்றிங்க. முடிவு பண்ணியாச்சு. கம்பு தோசையும் வெண்ணெயும் நான், மீன் அடுக்குவது பையன் பொறுப்பு, வெள்ளரித் தட்டு பெரிய நாத்தனார் பொறுப்பு. முதலில் இது, அப்புறம் பள்ளிபாளையம் (பல்லடத்து அண்ணனுக்காகச் சேர்த்திருக்கிறேன், எங்கள் வீட்டுக்காரரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்), அதற்குப் பிறகு இலை. மருமகளிடம் சொன்னேன், "அத்தை, அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது, முட்டையும் வேண்டாம்" என்று தானே ஒதுங்கிவிட்டாள். அமுச்சிதான் விடமாட்டேன் என்கிறார். முட்டைப் பொரியல் என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

மிச்சம் விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஊத்துக்குளி மருமகள்

மேசைக்குப் போய்த் திரும்பியதை வைக்காதீர்கள் அக்கா. ஃப்ரிட்ஜை விட்டே எடுக்காத துண்டுகள் இருந்தால் மூடி வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். காலையில் முட்டையைக் கிளறி, பாதி வெந்திருக்கும்போது மீனைக் கிள்ளிப் போட்டு இறக்கினால் போதும், உப்பே வேண்டாம். அமுச்சிக்குக் கொடுக்கிறதாக இருந்தால் மட்டும் மீனையும் சேர்த்துக் கடைசிவரை வேகவிடுங்கள்.